ஆளுக்கு ஒரு குடம்

எங்கள் மேல்வீட்டு அக்காவிடம், "உங்களுக்கு எப்பக்கா கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டால் வருஷம் சொல்ல மாட்டார். "ரெண்டாவது தண்ணித் திட்டம் வந்த ஐப்பசியிலங்க" என்பார். மகன் பிறந்தது மூன்றாவது திட்டத்துக்குத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருந்த சமயத்தில். கணவர் தவறியது அந்தக் குழாயில் தண்ணீர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். "அந்தத் தண்ணிய ஒரு சொம்பு குடிக்க அவருக்குக் குடுத்து வெக்கலீங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பார். எனக்கோ அழுவதா சிரிப்பதா என்று தெரியாது.

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில், இடிக்கப்போகிறோம் இடிக்கப்போகிறோம் என்று வருஷக்கணக்காகப் பயம் காட்டிக்கொண்டிருந்த பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில் நாங்கள் கீழ்வீடு. ஏதோ ஒரு அமைச்சகத்தில் மகனுக்கு வேலை கிடைத்து, மேல்வீடு அலாட் ஆனதும், திருப்பூரிலிருந்து அந்த அக்கா வந்து இறங்கினார். லாரியிலிருந்து ஒரு கட்டில் இறங்கியது, ஒரு பீரோ இறங்கியது. மிச்சமெல்லாம் குடம். எவர்சில்வர் குடம், பிளாஸ்டிக் குடம், பித்தளை அண்டா, மூடி போட்ட டிரம். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "பாத்திரக்கடை வைக்கப் போறாங்களா?" என்று கேட்டார்.

கடை வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாத்திரங்கள் சும்மா இருந்திருக்கும். இங்கே ஒன்றுகூடச் சும்மா இருக்கக்கூடாது. காலியாக ஒரு டம்ளரைப் பார்த்தால் அக்காவுக்குக் கை பரபரக்கும். குக்கரில் தண்ணீர், இட்லிப் பானையில் தண்ணீர், ஊறுகாய் தீர்ந்துபோன ஜாடியில் தண்ணீர். ஒருமுறை சர்க்கரை கடன் கேட்டு ஒரு கிண்ணத்தோடு மேலே போனேன். பேசிக்கொண்டே என் கிண்ணத்தை வாங்கினவர், பழக்க தோஷத்தில் அதிலும் தண்ணீர் பிடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் மாயவரத்துக்காரி. தண்ணீரைப் பற்றி உட்கார்ந்து யோசித்தே பழக்கமில்லை. குழாயைத் திறந்துவிட்டு, போனில் நாத்தனாரிடம் வம்பு பேசிவிட்டு, அப்புறம் வந்து பாத்திரம் கழுவுகிற ரகம். அக்காவுக்கு என்னைப் பார்த்தாலே வயிறு எரியும். "அம்மிணி, அந்தப் பைப்பைத் திருகிப்போட்டுப் பேசுங்க" என்று மாடியிலிருந்தே குரல் வரும். என் வீட்டுக் குழாய் ஓடுகிற சத்தம் தரை வழியாக அவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேருமோ, தெரியாது.

குளிர்காலத்தில் காலனிப் பார்க்கில் வெயில் காய்ந்துகொண்டு எல்லோரும் பட்டாணி உரிப்போம். அங்கேதான் திருப்பூருக்குத் தண்ணீர் வந்த சரித்திரத்தை அவர் சொல்லுவார். "அப்பெல்லாம் வீதிக்கொரு கெணறுங்க. பனியன் கம்பெனி ஒண்ணு ரெண்டு வந்துச்சு. வேலைக்குச் சனம் வந்துச்சு. கெணத்துத் தண்ணி உப்பாப் போச்சு. பொறவு கவருமெண்டு ஆத்துல இருந்து பைப்பு போட்டுச்சு. அந்தப் பைப்பு எத்தன சனத்துக்கு? ப்ளான் போட்ட அன்னைக்கு ஊருல இருந்த சனத்துக்கு! பைப்பு ஊரு வந்து சேர்றக்குள்ள இன்னும் அத்தன சனம் வந்து குடத்தைத் தூக்கிட்டு நிக்குது. செரின்னு ரெண்டாவது திட்டம். அது வர்றக்குள்ள இன்னும் பத்து கம்பெனி. பொறவு மூணாவது."

"நாலாவது வந்தா சரியாயிடுமா அக்கா?"

"நாலாவது வந்தா அஞ்சாவது வேணுமுங்க. பனியன் தைக்கறவன் அத்தன பேரும் தண்ணியும் குடிக்கறானுங்களே!"

பக்கத்து பிளாக் பஞ்சாபி மாதாஜி ஒருவர் இதையெல்லாம் ஒரு வார்த்தை புரியாமல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். நடுநடுவே, "ஹாய் ராம்!" என்பார். எந்த இடத்தில் சொல்ல வேண்டுமோ சரியாக அந்த இடத்தில் சொல்லுவார். அதுதான் எனக்கு ஆச்சரியம்.

அக்காவும் அந்தக் கம்பெனிகளில் ஒன்றில்தான் வேலை பார்த்திருக்கிறார். செக்கிங். தைத்து வந்த பனியனை விரித்துப் பார்த்து ஓட்டை இருந்தால் தள்ளிப் போடுகிற வேலை. கம்பெனியில் இருக்கும்போது தெருவில் தண்ணீர் வந்துவிட்டால் பாதி ஷிஃப்டில் ஓடிவிடுவாராம். சூப்பர்வைசர் ஒன்றும் சொல்ல மாட்டாராம், ஏனென்றால் அவர் ஏற்கெனவே ஓடியிருப்பார்.

வந்த புதிதில் ஒரு கூத்து நடந்தது. அவர்கள் ஊரில் தண்ணீர் எந்த நாள் வரும், எந்த நேரம் வரும் என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அதனால் யாரும் குழாயை மூடுவதே இல்லை. திறந்துவைத்து, கீழே ஒரு தட்டைக் கவிழ்த்து வைப்பார்கள். சொட்டு விழுந்ததும் தட்டு சத்தம் போடும். வீடே எழுந்து ஓடும். அக்கா அதே வழக்கத்தை டெல்லிக்கும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். இங்கேயோ காலையும் சாயங்காலமும் தண்ணீர் வந்துவிடும். அன்றைக்குக் குழாயைத் திறந்து, தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு, மகனோடு மலை மந்திருக்கு முருகனைப் பார்க்கப் போய்விட்டார்.

சாயங்காலம் மேலே தட்டு 'டங் டங்' என்று அடித்துக்கொண்டது. நான் யாரோ சுவரில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தேன். கவிழ்த்த தட்டு தண்ணீர் போகிற ஓட்டையை அடைத்துவிட்டது போல, கொஞ்ச நேரத்தில் என் சமையலறைக் கூரையிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. அடுப்பில் இருந்த வத்தக்குழம்பு என் கண்ணெதிரே ரசமாகிவிட்டது. அவர்கள் திரும்பி வந்ததும் மாடிப்படியிலேயே நிறுத்திவைத்துக் கத்தினேன். அக்கா நிதானமாகக் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, தட்டு சத்தம் போடலீங்களா?"

"போட்டுச்சு!"

"உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"நல்லாக் கேட்டுச்சு!"

"கேட்டுமா நீங்க போய்க் குடம் வெக்கல?"

கேட்ட கேள்வியில் அத்தனை வருத்தம். ஏதோ நான்தான் பெரிய துரோகம் பண்ணிவிட்ட மாதிரி. மறுநாள் காலையில் அவர் வீட்டு மாற்றுச் சாவி என் கைக்கு வந்தது. இனிமேல் சத்தம் கேட்டால் நானே போய்ப் பிடித்து வைத்துவிட வேண்டுமாம். என்ன நியாயம் பாருங்கள். கொஞ்ச நாளில் வெளியே போகும்போது குழாயை மூடக் கற்றுக்கொண்டார், ஆனால் மனசில்லாமல்தான்.

தட்டு போனாலும் காது இருந்தது. குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் உள்ளேயிருக்கும் காற்று 'உஸ்' என்று வெளியே வருமே, அது நமக்குப் பக்கத்தில் நின்றாலே சரியாகக் கேட்காது. அக்காவுக்கு அடுத்த அறையிலிருந்தே கேட்கும். பேச்சின் நடுவில் ஒரு விரலைத் தூக்குவார். "வருதுங்க." அவ்வளவுதான், ஆள் இருக்க மாட்டார். ஒருநாளும் அந்தக் காது பொய்த்ததில்லை.

அந்த 'உஸ்' கேட்டதும் செய்கிற முதல் காரியம்தான் எனக்கு ஆறவே ஆறாது. வீட்டில் இருக்கிற தண்ணீரை எல்லாம் கொட்டிவிடுவார்! டிரம், அண்டா, குடம், ஒன்று விடாமல் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, குழாய்க்கு முன்னால் வரிசையாக நிறுத்துவார். புதுத் தண்ணீர் வரும்போது பழைய தண்ணீர் வீட்டில் இருக்கக்கூடாதாம்.

"நேத்து வந்ததும் யமுனை, இன்னைக்கு வர்றதும் யமுனை. அதே பைப்புதானே அக்கா?"

"நேத்து வாங்கின பாலை இன்னைக்குக் குடிப்பீங்களா அம்மிணி?"

"ஃபிரிட்ஜில் வச்சுக் குடிப்பேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் எங்கள் வீட்டில் காபி குடிக்கவில்லை.

எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். தினம் ஒரு சண்டை போடாவிட்டால் பொழுது விடியாத மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர்கூட, "நீ என்கிட்ட பேசறதைவிட மாடிப்படியப் பார்த்துப் பேசறதுதான் ஜாஸ்தி" என்பார்.

இப்போது என் பெண் கதைக்கு வருகிறேன். என் பெண் கயல் நொய்டாவில் ஒரு டெலிவிஷன் கம்பெனியில் வேலை பார்த்தாள். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தாள். ஒருவன் ஹோட்டலில் வெயிட்டரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டானாம், வேண்டாம். இன்னொருவன் மெட்ரோவில் இறங்குகிறவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு ஏறினானாம், 'அச்சா, பை பை' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அழுது, மூக்கைச் சிந்தி, நான்கு நாள் பேசாமல் இருந்து, கடைசியாக ஒரு வரனுக்குச் சம்மதிக்க வைத்தேன். மதுரைக்காரர்கள், குர்காவ்னில் பெரிய அபார்ட்மெண்டில் இருந்தார்கள். "ஒரே ஒரு தடவைம்மா. வந்து பார்க்கட்டும். எனக்குப் பிடிக்கலைன்னா இதோட இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது" என்று கண்டிஷன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாக ஏற்பாடு. எனக்கு இருந்தது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

சனிக்கிழமை காலையில் எங்கேயோ ரோடு தோண்டுகிற மெஷின் பெரிய குழாயை உடைத்துவிட்டது. காலனி முழுக்கத் தண்ணீர் இல்லை. மொட்டைமாடித் தொட்டி மத்தியானத்துக்குள் காலி. பஞ்சாபி மாதாஜி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குத் துளிக்கூடக் கவலையில்லை. என் தலைக்கு மேலேதான் ஒரு அணைக்கட்டே இருக்கிறதே! "கவலைப்படாதீங்க, அக்காகிட்ட இருக்கு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு பஜ்ஜிக்கு வாழைக்காய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி அத்தனை குடமும், அண்டாவும், டிரம்மும் பளபளவென்று கழுவி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் ஒரு சொட்டு இல்லை.

"அக்கா! தண்ணி?"

"கொட்டிப்போட்டனுங்க" என்றார். "இப்பத்தான், விடியறக்குள்ள. 'உஸ்'ஸுன்னு கேட்டுச்சுங்க. நல்லாக் கேட்டுச்சு. எப்பவும் போலக் கொட்டித் தேச்சு வெச்சேன். உஸ்ஸுன்னு கேட்டது கேட்டதோட நின்னு போச்சுங்க அம்மிணி. இந்தக் காது என்னைய ஏமாத்திப்போடுச்சு."

எனக்குக் காலிலிருந்து தலை வரை எரிந்தது. வாயைத் திறந்தால் என்ன வந்திருக்குமோ! அதற்குள் கீழேயிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார்: "ஏய், நான் காலைல மோட்டார் போட்டுப் பார்த்தேன். வெறும் காத்துதான் வருது. அக்காகிட்டயே வாங்கிட்டு வா!"

டெல்லியில் தண்ணீர் வராவிட்டால் ஆண்பிள்ளைகள் செய்கிற ஒரே காரியம் இது. மோட்டாரைப் போட்டுக் குழாயை உறிஞ்சுவது. அக்கா கேட்டது தண்ணீருக்கு முன்னால் வருகிற காற்று இல்லை. என் வீட்டுக்காரர் உறிஞ்சிய காற்று. திருப்பூர் வீதியிலும் சரி, ஒருநாளும் தண்ணீர் தவறாத இங்கேயும் சரி, அந்தச் சத்தத்தை அவர் அதுவரை கேட்டிருக்க வழியில்லை. அக்கா என்னைப் பார்த்தார். நான் பக்கெட்டைப் பார்த்தேன். அப்புறம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நான் அழவும் செய்தேன். "ஒருத்தருக்கு ஒரு டம்ளர் காபி கொடுக்கக்கூட வீட்டுல தண்ணி இல்லக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிளம்பிட்டாங்களாம்" என்றேன்.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். "டேங்கர் எப்ப வருதுங்க?"

காலனிப் பராமரிப்பு ஆபீசுக்குப் போன் போட்டு என் வீட்டுக்காரர் கெஞ்சியிருந்தார். டேங்கர் வந்தது. வந்ததும் நடந்தது டெல்லி. எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். ஒருவர் டேங்கர் தலையில் ஏறி உள்ளேயே ஹோஸ் பைப்பை விட்டார். பக்கெட்டும் பக்கெட்டும் இடித்துக்கொண்டன. மாதாஜி யாரையோ கிள்ளினார். தண்ணீர் பாதி ரோட்டில் ஓடியது.

தண்ணீர் ரோட்டில் ஓடுவதைப் பார்த்த அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ! "லை...ன்!" ஒரே ஒரு கத்தல். காலனியே நின்றது. டேங்கர் தலையில் இருந்தவர் மெதுவாக இறங்கினார். அக்கா போய்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அவருக்குத் தெரிந்த ஹிந்தி கைவிரலில் அடங்கும். அதை வைத்துக்கொண்டே சட்டம் போட்டார்: "பையா, லைன்! ஏக் ஆள், ஏக் குடம்! எல்லாரும் ஒரு சுத்து. பொறவுதான் தூஸ்ரா!" அது அவர்கள் வீதிச் சட்டம். பிறந்த குழந்தையிலிருந்து கிழவர் வரை, ஆள் வந்து நின்றால் ஒரு குடம். நிற்காதவருக்குக் கிடையாது. "யே கோன் ஹை?" என்று ஒருவர் கேட்டார். "தண்ணி டிபார்ட்மெண்ட் மேடமாக இருக்கும்" என்று இன்னொருவர் ஹிந்தியில் சொல்ல, அதோடு எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

நான் மெல்லப் பக்கத்தில் போய், "அக்கா, எனக்கு மட்டும் ஒரு அஞ்சாறு பக்கெட்..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க ஊட்டுல எத்தன பேரு வந்துருக்கறீங்க?"

"நானும் அவரும்."

"அப்ப ரெண்டு."

"அக்கா! மாப்பிள்ளை வீட்டுலருந்து அஞ்சு பேர் வராங்க!"

"ஒறம்பரைச் சனம் வரட்டும். வந்து நிக்கட்டும். யாரு வேண்டாங்கறா?"

தலையெழுத்தே என்று நின்றேன். அந்த நேரம் பார்த்து அவர்கள் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவையில் இறங்கினார். அப்பா, தங்கை, வெள்ளைச் சட்டையில் மாப்பிள்ளை, பின்னால் டிரைவர். "வாங்க, வாங்க" என்று நான் வாயெல்லாம் பல்லாக ஓடுவதற்குள் அக்கா முந்திக்கொண்டார். தன்னுடைய காலிக் குடங்களை எடுத்துக்கொண்டு போய் ஆளுக்கு ஒன்றாகக் கையில் கொடுத்தார். பட்டுப்புடவைக்கு எவர்சில்வர் குடம். மாமனாராக வரப்போகிறவருக்குப் பச்சைப் பிளாஸ்டிக் குடம். "டிரைவர் தம்பி, நீங்களும் ஆளுதான். புடிங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "அஞ்சு ஆச்சுங்க அம்மிணி" என்றார். தன் சட்டத்தை மீறாமல் எனக்கு எப்படித் தண்ணீர் சேர்ப்பது என்று அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷி. எனக்கு அது அப்போது புரியவில்லை. சம்பந்தம் போச்சு, என் ஞாயிற்றுக்கிழமை போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வெள்ளைச் சட்டையைப் பார்த்த டேங்கர்க்காரனுக்கு யாரோ பெரிய ஆபீசர் என்று தோன்றிவிட்டது. வரிசைக்கு வெளியே கை காட்டி, "சாப், ஆப் ஆகே ஆ ஜாயியே" என்று முன்னால் வரச்சொல்லிக் கூப்பிட்டான். அக்கா அந்தப் பக்கம் ஒரு குழந்தையின் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், கவனித்த மாதிரி தெரியவில்லை. மாப்பிள்ளைப் பையன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். "நஹி பையா, ஆன்ட்டி முஜ்சே பெஹ்லே ஹை" என்று தனக்கு முன்னால் நின்ற மாதாஜியைக் காட்டினான். தன் முறை வந்ததும் பிடித்தான். தளும்பி, சட்டையெல்லாம் நனைந்து, குடத்தை இடுப்பில் வைப்பதா தோளில் வைப்பதா என்று தெரியாமல் குழந்தையைத் தூக்குகிற மாதிரி கட்டிப்பிடித்துக்கொண்டு என் வீட்டுக்குள் வந்தான். பாதி அலங்காரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த கயல் கொல்லென்று சிரித்தாள்.

வரிசையில் கடைசி ஆள் அக்காதான். மற்றவர்களுக்கெல்லாம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் தன் குடத்தை வைத்தார். குழாய் இரண்டு தடவை இருமியது. "கதம்" என்று கையை விரித்தான் டேங்கர்க்காரன். மாப்பிள்ளையின் அம்மா தன் குடத்தை நீட்டினார். "அது உங்க பங்குங்க. கொண்டு போய்க் காப்பி வெக்கச் சொல்லுங்க" என்று அக்கா வாங்க மறுத்துவிட்டார். காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வரிசை ஒழுங்காக முடிந்ததே, அது போதும் அவருக்கு.

விருந்தாளிகள் அவர்களே சுமந்து வந்த தண்ணீரில் அவர்களுக்குக் காபி போட்டேன். மாப்பிள்ளையின் அம்மா புடவைக் கொசுவத்தைப் பிழிந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவை முழங்கால் வரை ஈரம். கடைசியில், "அந்தம்மா யாருங்க?" என்று கேட்டார். "மன்னிச்சுக்கோங்க, அவங்க வந்து..." என்று நான் இழுத்தேன். "எங்க அபார்ட்மெண்ட்லயும் தண்ணி டேங்கர்லதான் வருது. இருபத்தெட்டு மாடி, தினம் அடிதடி. அவங்களை ஒரு மாசம் எங்களுக்கு அனுப்பி வைக்க முடியுமா?" என்றாரே பார்க்கலாம்!

அவர்கள் கிளம்பிப் போனபிறகு கயலிடம் பயந்துகொண்டே கேட்டேன். "சரிம்மா, எனக்கு ஓகே" என்றாள். நான் நம்பவில்லை. இரண்டு மணி நேரம் நகம் கடிப்பாள், பிறகு ஏதாவது நொட்டை சொல்லுவாள் என்று தயாராக இருந்தேன்.

"என்னடி பிடிச்சுது அவன்கிட்ட?"

"லைன்ல நின்னான்மா. டேங்கர்க்காரன் கூப்பிட்டான். மேல்வீட்டு ஆன்ட்டி பார்க்கல, யாரும் பார்க்கல. போயிருக்கலாம். போகல. டெல்லியில இந்த மாதிரி ஒருத்தனை நான் பார்த்ததே இல்ல."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மிச்சமிருந்த பஜ்ஜியைத் தட்டில் போட்டுக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அக்கா குழாய்க்கு முன்னால் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவரைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கயல் சொன்னதை வார்த்தை மாறாமல் சொன்னேன். "உங்களாலதான்க்கா எம் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வருது. அவன் லைன்ல நின்ன குணத்துலயே அவ விழுந்துட்டா" என்றேன்.

அக்கா பஜ்ஜியை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, பனியனில் ஓட்டை தேடுகிறவர் மாதிரி கொஞ்சம் யோசித்தார்.

"லைன்ல நிக்கறதெல்லாம் ஒரு குணமுங்களா அம்மிணி? நான் அந்தப் பக்கம் திரும்பலேன்னா நெனைச்சீங்க? டேங்கர்க்காரன் கூப்புட்டது எனக்கு நல்லாக் கேட்டுச்சு. அந்தத் தம்பி ஒரு அடி முன்னால வெச்சிருந்தா, குடத்தைப் புடுங்கி உட்டுருப்பேன்" என்றார். "அந்தத் தம்பிக்கும் அது தெரியும். என்னைய ஒரு பார்வை பார்த்துப்போட்டுத்தான் இல்லைன்னு தலைய ஆட்டுச்சு."

கயல் கல்யாணமாகிக் குர்காவ்ன் போய்விட்டாள். மகனுக்கு மாற்றலாகி அக்காவும் சண்டிகர் போய்விட்டார். மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அக்கா அன்றைக்குச் சொன்னதை நான் இன்றுவரை என் பெண்ணிடம் மூச்சு விடவில்லை.